லோயருக்குக் காசு யார் கட்டுறது? போன கிழமைக் கடிதத்துக்கு ஒரு மறுமொழி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பர்ல வாசகர் கடிதப் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தார், வெளிநாட்டு கவுண்மென்ட் எல்லாம் களவா வந்த ஆக்களுக்கு சனத்திட வரிக்காசில லோயர் பிடிச்சுக் குடுக்குதாம், அது அந்த நாட்டுச் சனத்துக்குச் செய்யிற அநியாயமாம், பொய்க்கேஸ்காரர்தான் அதால பிழைக்கிறாங்களாம் எண்டு. எழுதினவர் ஆரெண்டு எனக்குத் தெரியாது, அவரோட கோவமும் இல்ல. ஆனா அதை வாசிச்சு முடிக்கக்குள்ள என்ட கடை ஸ்கேனர்ல ஒரு அம்மாட மகன்ட பிறப்புச் சான்றிதழ் கிடந்தது, அதால எழுதாம இருக்க ஏலாமப் போச்சு.

நான் திருகோணமலை டவுணுக்குள்ள கோட்டுக்கு நடந்து போற தூரத்தில சின்னதா ஒரு கொம்யூனிகேஷன் கடை வச்சிருக்கன். போட்டோகொப்பி, ஸ்கேன், ரைப் பண்ணிக் குடுக்கிறது, ரீலோட், இதுதான் தொழில். முந்தி பெக்ஸ் அனுப்புவம், இப்ப எல்லாம் வாட்ஸ்அப்பும் ஈமெயிலும். கோட்டுக்கு வாற சனம், கச்சேரிக்குப் போற சனம் எல்லாம் ஏறி இறங்கும். பின்னேரமானா டவுண்ல திரியிற மான் ரெண்டு மூண்டு வாசல்ல வந்து நிண்டு வெட்டிப்போட்ட பேப்பர்த் துண்டுகளத் திங்கும், ஒருக்கா ஒரு ஐயாட சத்தியக்கடதாசி கொப்பியையே மேசையில இருந்து கடிச்சு இழுத்துட்டுது, வேற கொப்பி அடிச்சுக் குடுத்தன், காசு வாங்கல்ல.

இந்தக் கடைக்குள்ள இருந்து கொண்டே வெளிநாட்டில அகதிக் கேஸ் போட்டிருக்கிற எங்கட பிள்ளைகள்ட கதை முழுக்க எனக்குத் தெரிய வருது. நான் கேட்டுத் தெரியிறதில்ல, பேப்பர் சொல்லும். அங்க ஒரு பெடியன் டிப்போட் எண்டு பிடிபட்டா இங்க தாய் ஒரு ஷொப்பிங் பேக்க நெஞ்சோட அணைச்சுக்கொண்டு வருவா. அதுக்குள்ள இன்னொரு பொலித்தீன் பேக், அதுக்குள்ள கடதாசி. ஜீஎஸ் (கிராம சேவகர்) குடுத்த கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுக் கொப்பி, தடுத்து வச்சிருக்கக்குள்ள ஐசிஆர்சி, செஞ்சிலுவைக்காரர் வந்து பாத்துக் குடுத்த அட்டை, முகாம்ல இருந்த நேரத்து நிவாரண அட்டை. இந்தக் கிழமை வந்த அம்மா மூதூர்ப் பக்கம். அவட கலியாணப் பதிவு சுனாமித் தண்ணிக்குள்ள கிடந்து எடுத்தது, மை ஊறி நீலமாப் பரவி, பெயர் மட்டும்தான் மிச்சம். கண்ணாடியில வைக்கப் பயம், தூக்கினா மடிப்புக்குள்ள உடையும். ரெண்டு ட்ரேன்ஸ்பேரன்ஸி சீற்றுக்கு நடுவில வச்சு மெதுவா எடுத்தன். 83 கலவரம், 90 சண்டை, 2004 சுனாமி, 2006 சண்டை எண்டு நாலு தரம் ஓடின சனத்திட்ட "ஒரிஜினல் எங்க" எண்டு கேக்கிறது லேசு, அந்தக் கடதாசி எப்பிடித் தப்பி வந்ததெண்டு சொல்ல அந்தச் சனத்துக்கு ஒரு ஆள் வேணும்.

அந்த ஆள் இருக்கிறதுக்கும் இல்லாததுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியிறது, என்னென்ன கடதாசி வேணுமெண்டு அங்க இருந்து வாற லிஸ்ட்ல. இதை நான் இத்தின வருசமாப் பாக்கிறன். சுவிஸ்ல இருந்து வாற லிஸ்ட் எண்டா பாத்த உடன சொல்லுவன். முறைப்பாட்டுக் கொப்பிட பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, ரப்பர் முத்திரை தெளிவா விழ வேணும், மொழிபெயர்த்தவர்ட பெயரும் பதிவு இலக்கமும் இருக்க வேணும், ஒரிஜினல அனுப்புறதெண்டா கூரியர் கவரையும் எறியாதிங்க, மகன் சொன்ன திகதிக்கும் இதில உள்ள திகதிக்கும் ரெண்டு நாள் வித்தியாசம் இருக்கு அது ஏனெண்டு கேட்டுச் சொல்லுங்க. இப்பிடித்தான் வரும். ஏனெண்டா சுவிஸ்ல 2019 மார்ச் 1ல இருந்து அகதிக் கேஸ் போடுற ஒவ்வொரு ஆளுக்கும் முதல் நாளில இருந்தே இலவசமா ஒரு சட்டப் பிரதிநிதி. காசு அரசாங்கம் கட்டுது. 2016ல சனத்திட்ட வாக்கெடுப்பு வச்சுத்தான் அந்தச் சட்டத்தக் கொண்டு வந்தவங்க, மூண்டில ரெண்டு பங்கு சனம் ஓமெண்டு போட்டது. அதுக்குப் பதிலா கேஸையும் வேகமாக்கினாங்க, அப்பீல் போட ஏழு வேலைநாள்தான் சில கேஸ்ல. கேஸ் இல்லையெண்டு முடிவெடுக்க முந்தி அந்த முடிவின்ட வரைவ லோயருக்குக் காட்டி, இதில என்ன பிழை எண்டு கேக்கிறாங்க. லோயருக்கு ஒரு கேஸுக்கு இவ்வளவெண்டு கட்டின காசு, இழுத்தாலும் கூடாது. அதால இழுக்கிறதும் இல்ல.

லோயர் இல்லாத பெடியன்ட லிஸ்ட் எப்பிடி வரும் தெரியுமா? லிஸ்டே வராது. "அம்மா ஏலுமான அளவு கடிதம் எடுத்து அனுப்புங்க" எண்டு ஒரு வொய்ஸ் மெசேஜ். அம்மா பாவம், எம்பிட்ட ஒரு கடிதம், கோயில் தலைவர்ட்ட ஒரு கடிதம், சேர்ச் பாதர்ட்ட ஒரு கடிதம், ஜேபிட்ட (சமாதான நீதவான்) ஒண்டு. அவங்களுக்கு எழுத நேரமில்ல, "நீங்க ரைப் பண்ணிக்கொண்டு வாங்க சைன் வைக்கிறன்" எண்டுவாங்க. ரைப் பண்றது ஆர்? நான்தான். நாலு கடிதமும் ஒரே வசனம், ஒரே எழுத்துப்பிழை. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, நானும் அப்பிடி அடிச்சுக் குடுத்திருக்கன். அங்க இருக்கிற அதிகாரி முட்டாளில்ல, நாலு கடிதத்தையும் மேசையில பக்கத்தில பக்கத்தில வச்சா ஒரு நிமிசத்தில பிடிப்பான், பிறகு அந்தப் பெடியன் சொன்ன உண்மையும் பொய்யாப் போயிடும். சுவிஸ் லிஸ்ட்ல ஒரு நாளும் எம்பி கடிதம் கேட்டு நான் காணல்ல.

அதால போன கிழமை எழுதினவர் சொன்னது தலைகீழ். பொய்க்கேஸ் பெருகிறது லோயர் இருக்கிற இடத்திலயில்ல, ஏஜென்சிக்காரனும் அரைகுறை ஆலோசகரும் நிக்கிற இடத்தில. இதுக்கு வெளியில தேடிப் போகத் தேவையில்ல, என்ட அக்காட மகன்ட கதைய எழுதுறன்.

அவன் ஸ்டூடன்ட் விசாவில லண்டன் போனவன். விசா முடியிற நேரம் இங்க வீட்டுக்கு ஆக்கள் வந்து விசாரிச்சதால பயந்து அங்க அகதிக் கேஸ் போட்டான். இங்கிலாந்தில அகதிக் கேஸுக்கு லீகல் எய்ட் இருக்கு, வருமானம் இல்லாதவனுக்கு அரசாங்கம் லோயருக்குக் கட்டும், அது அவனுக்கும் தெரியும். ஆனா கோயிலடியில ஒருத்தர் சொன்னாராம், "லீகல் எய்ட்காரன் வேலை செய்யமாட்டான் தம்பி, காசு குடுத்தாத்தான் கேஸ் நிக்கும்" எண்டு. எங்கட ஆக்களுக்கு இந்த எண்ணம் எங்க இருந்து வந்ததெண்டு தெரியாது, இலவச ஆஸ்பத்திரி மருந்தெண்டா வேலை செய்யாது எண்டு நினைக்கிற மாதிரி. 1500 பவுண்ஸ் குடுத்தான். அக்கா காப்பு அடகு வச்ச காசு. அந்த ஆலோசகர் என்ன செய்தார் எண்டா வேற ஒரு பெடியன்ட வாக்குமூலத்த எடுத்து பெயர மட்டும் மாத்திக் குடுத்திட்டார். அதில இவன்ட ஊர் முல்லைத்தீவு. இன்டர்வியூவில கேட்டாங்க, பிறந்து வளந்தது எங்க எண்டு, இவன் உள்ளதைச் சொன்னான், திருகோணமலை. முடிஞ்சுது. 14 பக்கத்தில மறுப்புக் கடிதம் வந்தது, நான்தான் இங்க பிரின்ட் எடுத்து அக்காக்கு வாசிச்சுக் காட்டினன், அதில திரும்பத் திரும்ப ஒரே சொல், நம்பகத்தன்மை இல்ல, நம்பகத்தன்மை இல்ல. இவன்ட முதுகில இருக்கிற தழும்பப் பத்தி ஒரு வரி இல்ல, ஏனெண்டா அந்த ஆலோசகர் அதைக் கேக்கவே இல்ல.

பிறகு பிடிச்சு உள்ள போட்டாங்க. அங்க தடுப்பு முகாமுக்கு லீகல் எய்ட் லோயர் வருவார், ஒரு ஆளுக்கு அரை மணித்தியாலம் இலவசம். அந்த அரை மணித்தியாலத்தில அந்த லோயர் பொம்பிள கண்டுபிடிச்சிட்டா இது வேற ஆள்ட வாக்குமூலம் எண்டு. கண்டுபிடிச்சு என்ன, பிளேனுக்கு மிச்சம் நாள் இல்ல. 2012ல அனுப்பிட்டாங்க. அடுத்த வருசம் பெப்ரவரியில லண்டன் ஹைகோட் தமிழாக்கள அனுப்புறதுக்குத் தடை போட்டு, சாட்டர் பிளேன்ல ஏத்த இருந்த கன பேரைக் கடைசி நேரத்தில நிப்பாட்டினது, அதுவும் லோயர்மார் போய்ப் போட்ட மனுவாலதான். இவன் சில மாசம் முந்திட்டான். இப்ப உப்புவெளிப் பக்கம் த்ரீவீல் ஓடுறான். அந்த ஆலோசகர் இண்டைக்கும் அங்க கடை வச்சிருக்கிறாராம்.

எங்கட பெடியன் விட்ட பிழைதான், மறைக்கல்ல. ஆனா முதல் நாளே ஒரு ஒழுங்கான லோயர் அரை மணித்தியாலம் இல்ல, ஒரு பின்னேரம் இருந்து கதைச்சிருந்தா அந்த 14 பக்கமும் எழுதத் தேவையில்ல, முகாம்ல மாசக்கணக்கா சாப்பாடு போடத் தேவையில்ல, பிளேன் தேவையில்ல. அல்லது உனக்குக் கேஸ் இல்ல தம்பி, காசைச் செலவழிக்காம திரும்பிப் போ எண்டாவது சொல்லியிருப்பார். நல்ல லோயர் அதையும் சொல்லுவார், அதுக்கும்தான் அரசாங்கம் காசு குடுக்கிறது.

வரிக்காசு வரிக்காசு எண்டு எழுதியிருந்தார். சரி, கணக்குப் பாப்பம். பிடிக்கிற அதிகாரிக்குச் சம்பளம் வரிக்காசு. தடுப்பு முகாம் வரிக்காசு. ஜட்ஜுக்கு, ட்ரான்ஸ்லேட்டருக்கு, பிளேனுக்கு, பிளேன்ல ரெண்டு பக்கமும் இருந்து கொண்டு வாற கார்டுக்கு, எல்லாம் வரிக்காசு. அமெரிக்காவில குடிவரவுக் கோட்டில கவுண்மென்ட் பக்கம் ஒரு லோயர் எழும்பி நிண்டு இவரை அனுப்புங்க எண்டு வாதாடுவார், அவருக்கும் வரிக்காசு. அகதிட லோயர் இருக்கிற ஒரே ஒரு கதிரைக்கு மட்டும் காசு இல்லையெண்டா அந்த விசாரணைக்கு என்ன பெயர்? அமெரிக்கச் சட்டத்தில அப்பிடியேதான் எழுதிக் கிடக்கு, லோயர் வைக்கலாம் ஆனா அரசாங்கச் செலவில இல்ல எண்டு. களவெடுத்தவனுக்குக் கூட, காசில்லாட்டி, 1963 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அங்க இலவச லோயர் கிடைக்கும், டிப்போட் கேஸ் குற்றவியல் இல்ல சிவில் எண்டதால கிடைக்காது. சிவிலாம், ஆளைக் கையில விலங்கு போட்டுக் கொண்டு வாறாங்க. 2007க்கும் 2012க்கும் இடையில முடிஞ்ச பன்னிரண்டு லட்சம் கேஸ அங்க ரெண்டு ஆய்வாளர்கள் எண்ணிப் பாத்தாங்க, மொத்தத்தில 37 வீதத்துக்குத்தான் லோயர் இருந்தது, தடுப்பில இருந்தவங்கள்ல 14 வீதம்.

நியூயோர்க் நகரசபை மட்டும் 2013ல அஞ்சு லட்சம் டொலர் ஒதுக்கி, தடுப்பில இருக்கிற ஏழைகளுக்கு நகரத்துக் காசில லோயர் வச்சுப் பாத்தது. அதுக்கு முந்தி லோயர் இல்லாமத் தடுப்பில இருந்தவங்கள்ல வெண்டது நூற்றுக்கு நாலு பேர். திட்டம் வந்தாப் பிறகு 48 பேர் வரைக்கும் வெல்லுவாங்க எண்டு ஆய்வு சொன்னது. யோசிச்சுப் பாருங்க, அந்த மிச்ச 44 பேரும் சட்டப்படி அங்க இருக்க உரிமை உள்ளவங்க, இவ்வளவு காலமும் வாய் இல்லாத குற்றத்துக்குத்தான் பிளேன்ல ஏறினவங்க. 2025 மார்ச்ல தனிய வந்த சின்னப் பிள்ளைகளுக்கு லோயர் வைக்கிற காசையும் அங்க மத்திய அரசாங்கம் நிப்பாட்டினது, கிட்டத்தட்ட 26,000 பிள்ளைகள்ட கேஸ். அதில பாலர் வகுப்புப் பிள்ளைகளும் இருக்கு. என்ட பேத்திக்கு ஆறு வயசு, கடைக்கு அனுப்பினா மிச்சக் காசை விட்டிட்டு வாற ஆள்.

அவுஸ்திரேலியாவ எடுங்க, எங்கட பக்கத்துக்கு இது தெரிஞ்ச கதை. 2014 மார்ச் 31ல போட்ல வந்தவங்களுக்குக் குடுத்த சட்ட உதவிக் காசை வெட்டினாங்க. அதே வருசம் ஜூன் கடைசியில ரெண்டு போட். ஒண்டில 41 பேர், அதில கூட சிங்களவர், தமிழர் நாலு பேர். கப்பல்ல வச்சே வீடியோ லிங்கில விசாரிச்சாங்க, லோயர் ஒருத்தரும் இல்ல, மட்டக்களப்புக்கு வெளியில கடல்ல வச்சு எங்கட நேவியிட்டக் கையளிச்சாங்க, ஜூலை 6. மற்றப் போட் பாண்டிச்சேரிப் பக்கத்தில இருந்து போனது, 157 பேர், பெரும்பாலும் தமிழர். அதுக்கு மட்டும் லோயர்மார் முந்திக்கொண்டு அடுத்த நாளே உயர் நீதிமன்றம் போனாங்க, அறிவிக்காம அனுப்பமாட்டம் எண்டு அரசாங்கமே கோட்டில சொல்ல வேண்டி வந்தது. பிறகு அந்தக் கேஸ் நாலுக்கு மூண்டு எண்டு தோத்தது, அவங்கள நவுறுத் தீவு முகாமுக்கும் அனுப்பினாங்க, அதெல்லாம் வேற கதை. ஆனா இலங்கைக்குக் கையளிக்கல்ல. ரெண்டு போட்டுக்கும் இடையில கடல் ஒண்டுதான், கிழமையும் ஒண்டுதான்.

எழுதினவர் சொன்னதில ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லத்தான் வேணும். உள்ளூர்ச் சனத்துக்கே லோயர் இல்ல எண்டார். உண்மை. என்ட கடைக்கு முன்னால தாபரிப்புக் கேஸுக்கு வாற பிள்ளைகள் தவணைக்குத் தவணை பஸ் காசுக்குக் கஷ்டப்படுறத நான் காணுறன். ஆனா கனடாவில 2019ல ஒன்ராறியோ அரசாங்கம் லீகல் எய்ட் காசை 30 வீதம் வெட்டி, அகதிக் கேஸுக்கு மாகாணக் காசே இல்லையெண்டு சொன்ன நேரம், வெட்டினது அகதிக்கு மட்டுமில்ல, வீட்டு வாடகைக் கேஸ், சிறுவர் கேஸ் பாக்கிற ஏழைகளுக்கான சட்ட நிலையங்களுக்கும் சேத்துத்தான் வெட்டினது. அகதிக்கு மிச்சம் பிடிச்ச காசு உள்ளூர் ஏழைக்குப் போகல்ல. பிறகு ஒட்டாவா மத்திய அரசாங்கம் 25.7 மில்லியன் டொலர் போட்டுத் தூக்கிவிட்டது.

கனடா எண்ட உடன எங்கட அகதிகள் போய் இறங்கின சன் சீ கப்பல் ஞாபகம் வருது. 2010 ஓகஸ்ட், 492 பேர். அதில வந்தவங்கள்ல சிலரை ஆள்கடத்தினவங்க எண்டு தனியப் பிரிச்சாங்க. ஆரை? எஞ்சின் ரூம்ல ஷிப்ட் பாத்தவர், சமைச்சவர், காவல் நிண்டவர். கப்பல் ஓட்ட வேண்டிய ஆக்கள் விட்டிட்டுப் போனாப் பிறகு ஆரோ ஒருத்தர் எஞ்சினப் பாக்கத்தானே வேணும், கடல் தெரிஞ்ச எங்களுக்கு அது விளங்கும், கந்தோரில இருக்கிறவனுக்கு விளங்காது. அஞ்சு வருசம் லோயர்மார் இழுத்துப் பிடிச்சு 2015 நவம்பர்ல கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது, சேந்து தப்பி வாற ஆக்கள் ஒருத்தருக்கொருத்தர் உதவினது ஆள்கடத்தலில்ல எண்டு. எஞ்சின் ரூம் மனுசன் தனிய நிண்டு அதைச் சொல்லியிருந்தா ஆர் கேட்டிருப்பாங்க.

இதை ஏன் நீட்டிச் சொல்றனெண்டா, 2024 டிசெம்பர்ல இதே கதை எங்கட ஜெட்டிக்கே வந்தது. முள்ளிவாய்க்காலுக்கு நேர கடல்ல ஒரு ட்ரோலர், நூற்றுக்கும் மேல ரோஹிங்கியாச் சனம், பிள்ளைகள், வயித்துப்பிள்ளைக்காரிகள். நேவி திருகோணமலைக்குத்தான் கொண்டு வந்தது. ஜமாலியாவில ஒரு பள்ளிக்கூடத்தில வச்சாங்க. டவுண்ல அந்தக் கிழமை வேற கதை இல்ல, சனம் சாப்பாடு, உடுப்பு, பால்மா எண்டு கொண்டு ஓடினது, முஸ்லிம் எண்டு பாக்கல்ல தமிழ் எண்டு பாக்கல்ல. எங்கட சனத்துக்கு அந்தக் காட்சி புதுசில்ல, 90ல நாங்கள் ராமேஸ்வரம் போய் இறங்கினதும் அந்தக் கோலத்திலதான். பிறகு அவங்களைக் கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டு போனாங்க. 12 பேரை ஆள்கடத்தினவங்க எண்டு மறியலுக்கு அனுப்பினாங்க. கொஞ்ச நாளில அமைச்சர் பக்கத்தில இருந்து திருப்பி அனுப்புற கதை வந்தது, முல்லைத்தீவில சனம் றோட்டுக்கு இறங்கினது.

நானும் பிஸ்கட் பெட்டி கொண்டு போன ஆள்தான், பெருமைக்குச் சொல்லல்ல. ஆனா பிஸ்கட் கொண்டு போன எங்கள்ல ஒருத்தரும் அண்டைக்கு ஒரு கேள்வி கேக்கல்ல: இவங்களுக்கு லோயர் ஆர்? அந்த 12 பேர்ல எஞ்சின் பாத்தவன் ஆர், காசு வாங்கினவன் ஆர் எண்டு பிரிச்சுச் சொல்ல, அவங்கட பாஷை தெரிஞ்ச ஒருத்தரக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தி எழுத, எங்கட நாட்டில ஆருக்குப் பொறுப்பு? கனடாவில எங்கட ஆளுக்கு அந்த நாட்டுச் சனத்திட காசு வேணும் எண்டு கேக்கிற நாங்க இதை இங்க கேக்காம விட்டா கதைக்க வாய் இருக்குமா?

இலங்கை 1951 அகதிச் சாசனத்தில கையெழுத்து வைக்கல்ல, அகதிக்கெண்டு ஒரு சட்டமும் இல்ல. வந்து மாட்டினா 1948ம் ஆண்டு 20ம் இலக்கக் குடிவரவுச் சட்டம், தடுப்பு முகாம், பிளேன். அதுக்காக ஒண்டும் செய்ய ஏலாதெண்டு இல்ல. சித்திரவதைக்கு எதிரான சாசனத்தில 1994ல சேந்த நாடு இது, சித்திரவதை நடக்கிற இடத்துக்கு ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாதெண்டு அதில மூண்டாம் பிரிவில கிடக்கு. அரசியலமைப்பில 12(1) "எல்லா ஆட்களும்" சட்டத்தின் முன் சமம் எண்டுது, பிரசைகள் எண்டு சொல்லல்ல. 2014 ஓகஸ்ட்ல பாகிஸ்தான்ல இருந்து வந்த அகதிகளைப் பிடிச்சுப் பிடிச்சு அனுப்பின நேரம் ஒருத்தர்ட சார்பில லோயர் போய் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில தற்காலிகத் தடை எடுத்தது நடந்தது. தடை நீடிக்கல்ல, ரெண்டு கிழமையில எடுத்திட்டாங்க, ஆனா கதவு இருக்கு எண்டு தெரிஞ்சுது. அடிப்படை உரிமை மனு எண்டா ஒரு மாசத்துக்குள்ள போட வேணும். முகாமுக்குள்ள பாஷை தெரியாமக் கிடக்கிற ஆள் ஒரு மாசத்தில உச்ச நீதிமன்றம் போறது எப்பிடி?

எங்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு. 1978ம் ஆண்டு 27ம் இலக்கச் சட்டம், அரசாங்கக் காசு. கொலைக்கேஸ்ல ஹைகோட்ல நிக்கிறவனுக்கு லோயர் இல்லாட்டி அரசாங்கச் செலவில ஒருத்தரை வைக்கிற நாடுதான் இது, அதை ஒருத்தரும் வரிக்காசு எண்டு குறை சொல்றதில்ல. அதே ஆணைக்குழுவுக்கு ரெண்டு வேலைக்குத் தனியா காசு ஒதுக்கச் சொல்லித்தான் நான் இந்தக் கடிதத்த எழுதுறன். ஒண்டு, தடுப்பு முகாம்ல வச்சு அனுப்பப் பாக்கிற வெளிநாட்டு ஆளுக்கு, ஒரு லோயரும் அவர்ட பாஷை தெரிஞ்ச ஒருத்தரும். மற்றது எங்கட ஆக்களுக்கு. இது கன பேருக்குத் தெரியாது. அவுஸ்திரேலியாவில இருந்தோ வேற இடத்தில இருந்தோ டிப்போட் ஆகி கட்டுநாயக்கவில வந்து இறங்கிற பெடியன், அனுமதிச்ச துறைமுகம் இல்லாத இடத்தால நாட்டை விட்டுப் போனதெண்டு அதே குடிவரவுச் சட்டத்தில பிடிபட்டு நீர்கொழும்பு கோட்டில நிறுத்தப்படுவான். அங்க அவனுக்கு ஆர் இருக்கா? தாய் மூதூர்ல இருந்து இரவு பஸ் எடுத்துப் பிணைக்கு ஆளையும் கூட்டிக்கொண்டு விடிய நீர்கொழும்பில நிக்க வேணும். சிங்களம் தெரியாது. கோட் வாசல்ல நிக்கிற ஆராவது ஒரு லோயர் கேக்கிற காசு, பிறகு தண்டம், பிறகு திரும்பிற பஸ். வெள்ளைக்காரன் லோயர் குடுக்கல்ல எண்டு அழுதவன் இங்க வந்து சொந்த நாட்டுக் கோட்டில அதே மாதிரி நிக்கிறான். 2022 நெருக்கடி நேரத்தில இந்தத் திருகோணமலைக் கடல்ல இருந்தே எத்தின போட்ட நேவி மறிச்சது, அந்தப் போட்டில இருந்தவங்க எல்லாம் ஏஜென்சிக்காரனுக்குக் காணி உறுதி எழுதிக் குடுத்த சனம், கோட் செலவுக்கு அவங்களிட்ட என்ன மிச்சம்.

மூதூர் அம்மா வியாழக்கிழமை திரும்ப வாறா. மகன்ட லோயர் பழைய பள்ளிக்கூட இடாப்புக் கொப்பி கேட்டிருக்கிறாராம், அதிபர்ட்ட போய்ச் சைன் எடுத்துக்கொண்டு வாறன் எண்டவ. அது எந்த நாட்டுக் கேஸ் எண்டு நான் கேக்கல்ல, லிஸ்டப் பாத்தாலே தெரியுது.

ஆசிரியர் ஐயா, கடிதம் நீண்டு போச்சு, எனக்கும் தெரியும். இடம் காணாட்டி மான் கதையை வெட்டுங்க, நியூயோர்க் கணக்கையும் வெட்டுங்க. நீர்கொழும்பு கோட் பந்திய மட்டும் விட்டிடுங்க.

இப்படிக்கு,
கொம்யூனிகேஷன் கடைக்காரன்,
திருகோணமலை